பழைய கணினியில் கன்சோல் எழுத்துகள் சரியாகத் தெரியவில்லையா?

பத்துப் பதினைந்து வருடப் பழைய கணினி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. அதில் டெபியன் போன்ற ஒரு லினக்ஸை ஏற்றி, கோப்புகளைச் சேர்த்துவைக்கவோ வீட்டிலுள்ள எல்லாருக்கும் பொதுவான பிரின்டரை இயக்கவோ பயன்படுத்தலாம் என்று நினைக்கிறீர்கள். டெஸ்க்டாப் வேண்டாம் என்று வெறும் எழுத்துத் திரையோடு நிறுவியும் விட்டீர்கள். இப்போது பார்த்தால் எழுத்துகள் ஒவ்வொன்றும் தடித்துப் பெருத்துக் கிடக்கின்றன. அல்லது அகலவாக்கில் இழுத்துவிட்டதுபோல் இருக்கின்றன. அல்லது எல்லாம் இடது மேல்மூலையில் ஒடுங்கிவிட, மீதித் திரை வெறும் கறுப்பாக இருக்கிறது.

மானிட்டர் போய்விட்டது, புதிது வாங்க வேண்டியதுதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இந்த வகைக் கோளாறு பெரும்பாலும் செலவே இல்லாமல் சரியாகிவிடும். மிஞ்சிப்போனால் ஒரு கேபிள் மாற்ற வேண்டியிருக்கும். கண்ணில் பட்ட கட்டளையை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் ஆபத்து. கோளாறு எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், தொட வேண்டிய இடம் ஒன்றுதான்.

தொடங்குமுன் ஒரு சொல். நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டியவற்றை மேற்கோள் குறிக்குள் தமிழ் எழுத்தில் தருகிறேன். அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வரக்கூடிய இடத்தில் பிரித்துச் சொல்கிறேன். 1024×768 என்று வரும் இடத்தில், நடுவே உள்ள குறிக்கு ஆங்கில 'எக்ஸ்' எழுத்தைத் தட்ட வேண்டும்.

கன்சோல் என்றால் எது? மவுஸ் அம்பு இல்லாமல், கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் மட்டும் ஓடி, கடைசியில் பயனர் பெயரைக் கேட்டு நிற்கிறதே, அதுதான் கன்சோல் (கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் எழுத்துத் திரை). டெஸ்க்டாப் உள்ள கணினியிலும் அது பின்னால் இருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு எஃப்3 விசையைத் தட்டினால் வரும்.

"டெஸ்க்டாப்பில் திரை அளவை மாற்றிவைத்தேனே, கன்சோலில் ஏன் மாறவில்லை?" இரண்டும் வேறுவேறு என்பதால்தான். டெஸ்க்டாப் தன் அமைப்பைத் தன் கோப்புகளில் எழுதிவைத்துக்கொள்கிறது. கன்சோல் அவற்றைப் படிப்பதே இல்லை. கன்சோலின் அளவு, டெஸ்க்டாப் எழும்புவதற்கு வெகு முன்பே, கணினி துவங்கும் முதல் சில நொடிகளில் முடிவாகிவிடுகிறது.

ரெசல்யூஷன் (திரையில் அகலத்துக்கு எத்தனை புள்ளி, உயரத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) எப்படி எழுத்து அளவைத் தீர்மானிக்கிறது? கன்சோலில் ஓர் எழுத்து வழக்கமாக 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். திரை 1024×768 என்றால் ஒரு வரியில் 128 எழுத்து, மொத்தம் 48 வரி. அதுவே 1280×1024 என்றால் 160 எழுத்து, 64 வரி. புள்ளிகள் கூடக்கூட எழுத்து சிறுத்து, ஒரே பார்வையில் அதிக வரிகள் தெரியும். உங்கள் திரையில் இப்போது எவ்வளவு என்று அறிய 'எஸ்டிடிஒய் சைஸ்' என்று தட்டுங்கள் (முதல் சொல் நான்கே எழுத்து: எஸ், டி, டி, ஒய்). வரும் இரண்டு எண்ணில் முதலாவது வரி, அடுத்தது எழுத்து.

சரி, யார் அந்த அளவை முடிவுசெய்கிறார்கள்? ஒருவர் இல்லை, அடுத்தடுத்து மூவர். சுவிட்சைப் போட்டதும் பயாஸ் (மதர்போர்டிலேயே பதிந்துள்ள துவக்க மென்பொருள்) திரையைத் தன் கையில் வைத்திருக்கிறது. ஐபிஎம் 1987-ல் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த விஜிஏ எழுத்துமுறையில்தான் அது திரையை வைக்கும். அதில் 80 எழுத்து அகலம், 25 வரி. எந்த மானிட்டரிலும் தெரியும் என்பதால் பயாஸ் கணினிகளில் அதையே தொடக்கமாக வைத்திருக்கிறார்கள்.

அடுத்து கிரப் (எந்த இயங்குதளத்தை ஏற்றுவது என்று பட்டியல் காட்டும் மென்பொருள்) வந்து, தன் பட்டியலுக்கு ஏற்ற அளவில் திரையை மாற்றிக்கொள்ளலாம். அதன்பின் கர்னல் (கணினியின் உறுப்புகளை எல்லாம் ஆளும் அடிப்படை மென்பொருள்) ஏறும். கர்னலுக்குள் இருக்கும் திரை டிரைவர், மானிட்டரை விசாரித்து, அதற்குப் பொருத்தமான அளவை வைக்கும். இந்த மூன்றாவது கைதான் கடைசியில் ஜெயிக்கும். இன்டெல் சிப்புகளுக்கு இந்த ஏற்பாடு 2009-ல் வந்த லினக்ஸ் 2.6.29-லேயே தொடங்கிவிட்டது. ஏஎம்டியின் ரேடியான், என்விடியா கார்டுகளுக்கு அடுத்த ஓராண்டுக்குள் வந்துசேர்ந்தது. அதனால் உங்கள் பழைய கணினிக்கும் இது பொருந்த நல்ல வாய்ப்பு உண்டு.

ஒருமுறை கணினியை அணைத்துவிட்டுப் போட்டு, கண் எடுக்காமல் திரையைப் பாருங்கள். பட்டியல் மறைந்து வரிகள் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் திரை ஒரு கணம் இருண்டு, எழுத்துகள் சட்டென்று சிறுத்தால், டிரைவர் வேலைசெய்துவிட்டது என்று பொருள். அந்தத் துள்ளல் நடக்கவே இல்லையென்றால், டிரைவர் வரவில்லை.

கண்ணால் பார்த்ததை உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது, பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். மானிட்டரின் அடியிலோ பக்கவாட்டிலோ இருக்கும் மெனு பொத்தானை அழுத்துங்கள். 'தகவல்' என்ற பக்கத்தில், சில மானிட்டர்களில் மெனுவின் கீழ்ப்பட்டையில், கணினியிலிருந்து என்ன சிக்னல் வருகிறது என்று எழுதியிருக்கும். கணினி என்ன நினைக்கிறதோ அதை விடுங்கள், மானிட்டர் வந்ததைச் சொல்கிறது. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன செய்வது என்பது அதைப் பொறுத்தது.

720×400, 70 ஹெர்ட்ஸ் என்று காட்டினால், திரை இன்னும் அந்த 1987-ம் வருட எழுத்துமுறையிலேயே இருக்கிறது. 640×480 அல்லது 800×600 என்றால், கிரப் வைத்த அளவிலேயே நின்றுவிட்டிருக்கலாம். இரண்டிலும் டிரைவர்தான் குற்றவாளி. 1024×768 என்று வந்தால், டிரைவர் வந்துவிட்டது, ஆனால் மானிட்டர் யாரென்று தெரியாமல் தடவுகிறது என்று சந்தேகப்படலாம். மானிட்டரின் முழு அளவே வருகிறது, ஆனால் எழுத்துகள் மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றன என்றால், அது மூன்றாவது வகை. முழு அளவும் வந்து, திரை முழுக்க எழுத்தும் தெரிந்து, ஆனாலும் எழுத்து பிடிக்கவில்லை என்றால், அது வெறும் எழுத்துரு விவகாரம்.

எதையும் மாற்றுமுன், தவறு செய்தாலும் திரும்பி வரக்கூடிய வழியைத் தெரிந்துகொள்வோம். கணினி துவங்கும்போது கிரப் பட்டியல் வரட்டும். வராவிட்டால், பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். கொஞ்சம் புதிய யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த துவக்க மென்பொருள்) வகையில் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பட்டியலின் முதல் வரியில் நின்றுகொண்டு ஆங்கில 'இ' எழுத்தை அழுத்தினால், துவக்கக் கட்டளைகள் திருத்தக்கூடிய நிலையில் திறக்கும். 'லினக்ஸ்' என்ற சொல்லோடு தொடங்கும் நீண்ட வரிதான் நமக்கு வேண்டியது. அதன் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு, வேண்டியதைச் சேர்த்து, எஃப்10 அழுத்தினால் கணினி அந்த மாற்றத்தோடு துவங்கும்.

"அங்கே தப்பாக ஏதாவது எழுதிவிட்டால் கணினி கெட்டுவிடாதா?" கெடாது. அங்கே செய்யும் திருத்தம் அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டும்தான். அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும். அதனால்தான் சொல்கிறேன், எந்த மாற்றத்தையும் முதலில் இங்கே பரீட்சித்துப் பாருங்கள். நேரே கோப்பில் எழுதிவிட்டு, திரை இருண்டபின் என்ன எழுதினோம் என்று திணறுவது தேவையில்லாத வேதனை.

முதல் வகைக்கு வருவோம். டிரைவர் ஏன் வராமல் போகிறது? நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒரே ஒரு சொல்லைத்தான்: 'நோமோட்செட்'. நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதுவது. கர்னலிடம் 'திரை அளவை நீ தொடாதே' என்று சொல்லும் கட்டளை இது. நிறுவும்போது திரை இருண்டுபோய், யாரோ சொன்னார்கள் என்று இதைச் சேர்த்திருப்பீர்கள். அல்லது நிறுவியில் 'பாதுகாப்பான திரை' என்ற வகைத் தேர்வை எடுத்திருப்பீர்கள். நிறுவல் முடிந்தபின்னும் அந்தச் சொல் அங்கேயே தங்கிவிடுவதுண்டு.

அது இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? 'கேட்' என்று தட்டி, இடைவெளி விட்டு, '/ப்ராக்/சிஎம்டிலைன்' என்று தட்டுங்கள். 'ப்ராக்' நான்கு எழுத்து, கடைசி எழுத்து 'சி'. கணினி எந்தச் சொற்களோடு துவங்கியது என்று ஒரே வரியில் வந்துவிடும். அதில் 'நோமோட்செட்' இருந்தால், 'இ' வழியாக அதை அழித்துவிட்டு ஒருமுறை துவக்கிப் பாருங்கள். பல பேருடைய பிரச்சினை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். அது நெருக்கடிக்கு உதவும் சொல், நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியதில்லை. வைத்திருந்தால் மற்றத் திருத்தங்கள் பெரும்பாலும் எடுபடாது.

அந்தச் சொல் இல்லை, ஆனாலும் டிரைவர் வரவில்லை என்றால்? 'எல்எஸ்பிசிஐ' என்று தட்டி, இடைவெளி, ஒரு கழித்தல் குறி, ஒட்டி 'கே' எழுத்து. கணினியில் உள்ள கார்டுகள் பட்டியலாக வரும். 'விஜிஏ' என்று இருக்கும் வரியின் கீழ், எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும் வரி இருக்க வேண்டும். இன்டெலுக்கு 'ஐ915', பழைய ஏஎம்டிக்கு 'ரேடியான்', என்விடியாவுக்கு 'நூவோ' என்று வந்தால் நல்லது.

ரேடியான் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். அந்தக் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு டிரைவரோடு ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்ற வேண்டிய சிறு மென்பொருள் கோப்பு) ஒன்றும் வேண்டும். டெபியன் அதை வெகுகாலம் தன் நிறுவியோடு தரவில்லை. 2023-ல் வந்த டெபியன் 12 முதல்தான் தரத் தொடங்கியது. அதற்கு முந்தைய பதிப்பை நிறுவியிருந்தால், 'ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ்' என்ற தொகுப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 32 பிட் கணினி வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள்: டெபியன் 13-க்கு 32 பிட் கணினிகளுக்கான நிறுவியே கிடையாது. உங்களுக்கு 12-தான் எல்லை.

டிரைவரே எழுதப்படாத மிகப் பழைய சிப் என்றால் கிரப் வைக்கும் அளவுதான் கதி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது வகைதான் மனிதரை அதிகம் அலைக்கழிப்பது. டிரைவர் வந்துவிட்டது. மானிட்டர் 17 அங்குல சதுரவாக்கு எல்சிடி, அதன் இயல்பு அளவு 1280×1024. ஆனால் வருவதோ 1024×768. எழுத்தின் ஓரங்கள் பூசினாற்போல் மங்கலாக இருக்கின்றன. கணினியும் புதிது அல்ல, மானிட்டரும் புதிது அல்ல, எதைக் குறைசொல்வது?

நீங்கள் பார்க்க வேண்டியது கேபிள். மானிட்டருக்குள் ஈடிஐடி என்ற தகவல் (மானிட்டர் தன் பெயரையும் தன்னால் காட்ட முடிந்த அளவுகளையும் எழுதிவைத்திருக்கும் 128 பைட் குறிப்பு) இருக்கிறது. டிரைவர் கேபிள் வழியே அதைக் கேட்டு வாங்கித்தான் சரியான அளவை வைக்கிறது. குறிப்பு கைக்கு வராவிட்டால், எந்த மானிட்டரையும் கெடுக்காத அளவு என்று 1024×768-க்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள்கிறது. உங்கள் திரையில் அந்த எண் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நீல நிற விஜிஏ கேபிளைக் கழற்றி, அகலமான பக்கம் மேலே இருக்கும்படி முனையை உங்கள் முகத்துக்கு நேரே பிடியுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து ஊசி, மொத்தம் 15. கீழ் வரிசையில் இடமிருந்து இரண்டாவதும் (12-ம் எண்), வலது கோடியில் இருப்பதும் (15-ம் எண்) தான் அந்தக் குறிப்பைக் கொண்டுவருபவை. அவற்றில் ஒன்று இல்லை, அல்லது வளைந்து உள்ளே மடங்கியிருக்கிறது என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. நடு வரிசையில் நான்காவது ஊசி (9-ம் எண்) இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், பல கேபிள்களில் அது இருப்பதில்லை. கீழ் வரிசையின் முதல் ஊசியும் அப்படித்தான்.

"எல்லா ஊசியும் ஒழுங்காக இருக்கிறதே!" ஊசி இருந்தால் போதாது, உள்ளே கம்பியும் இருக்க வேண்டும். மலிவுக் கேபிள்களில் படத்துக்கு வேண்டிய கம்பிகளை மட்டும் இழுத்துவிட்டு, இந்த இரண்டையும் விட்டுவிடுவதுண்டு. படம் நன்றாகவே வரும் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. இரண்டு கணினிக்கு ஒரே மானிட்டரைப் பொதுவாக்கும் ஸ்விட்ச் பெட்டி, நீட்டிப்புக் கேபிள் போன்றவையும் இதே தொல்லையைத் தரலாம். அவற்றைக் கழற்றிவிட்டு, மானிட்டரோடு வந்த கேபிளால் நேராக இணைத்துப் பாருங்கள். மானிட்டரை முதலில் போட்டுவிட்டு அப்புறம் கணினியைப் போடுங்கள். கன்சோலின் அளவு துவக்கத்தில் ஒருமுறை முடிவாகிவிட்டால், பிறகு பெரிய மானிட்டரைச் சொருகினாலும் அது வளராது.

வேறு கேபிள் கிடைக்கவில்லை என்றால்? குறிப்பு வராமலேயே, நாமே அளவைச் சொல்லிவிடலாம். அதற்கு இணைப்பின் பெயர் தெரிய வேண்டும். 'ஹெட்' என்று தட்டி, இடைவெளி விட்டு, '/சிஸ்/கிளாஸ்/டிஆர்எம்/*/ஸ்டேட்டஸ்' என்று தட்டுங்கள். முதல் சொல் 'சிஸ்' என்பது எஸ், ஒய், எஸ். கணினியில் உள்ள ஒவ்வொரு திரை இணைப்பின் பெயரும், அதில் ஏதாவது மாட்டியிருக்கிறதா இல்லையா என்பதும் வரும். விஜிஏ கேபிளுக்கு வழக்கமாக 'விஜிஏ-1' என்ற பெயர், 'விஜிஏ' மட்டும் பேரெழுத்தில்.

இப்போது கிரப்பில் 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' வரியின் கடைசியில் 'வீடியோ=விஜிஏ-1:1280×1024@60' என்று சேர்த்துத் துவக்குங்கள். இடையில் எங்கும் இடைவெளி கூடாது. 60 என்பது நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது. எல்சிடிக்கு 60 போதும். பழைய குண்டு மானிட்டர் (கண்ணாடிக் குழாய் வகை) வைத்திருந்தால், அதன் பின்னாலோ கையேட்டிலோ எழுதியுள்ள எல்லைக்கு மேல் போகாதீர்கள். எல்லை தாண்டிய சிக்னல் மிகப் பழைய குழாய் மானிட்டர்களுக்குக் கெடுதல். பின்னாளில் வந்தவை 'எல்லைக்கு வெளியே' என்று ஒரு செய்தியைக் காட்டிவிட்டு இருண்டுவிடும், அவ்வளவுதான்.

அப்படி இருண்டுவிட்டால் என்ன செய்வது? பதற வேண்டாம், அணைத்துப் போடுங்கள். நிரந்தரமாக எழுதாததால் பழைய திரை வந்துவிடும். இந்த ஒரு நிம்மதிக்காகத்தான் முதலிலேயே அந்த வழியைச் சொன்னேன்.

மூன்றாவது வகை விநோதமானது. மானிட்டரின் முழு அளவே சிக்னலாக வருகிறது, ஆனால் எழுத்துகள் இடது மேல்மூலையில் ஒரு கட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன. மீதி வெறுமை. இது எப்படி நேர்கிறது?

கணினி, இல்லாத இன்னொரு திரை மாட்டியிருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட திரை இருந்தால், எல்லாவற்றிலும் ஒரே எழுத்துகள் தெரிய வேண்டும் என்பதற்காகக் கர்னல் கன்சோலைச் சிறிய திரையின் அளவுக்குச் சுருக்கிக்கொள்ளும். ஒரே குடைக்குள் இருவர் நிற்பதுபோல, குட்டையானவர் பிடிக்கிற உயரத்துக்கு நெட்டையானவரும் குனிந்தாக வேண்டும். இல்லாத திரை 800×600 என்று கணினி நினைத்தால், உங்கள் பெரிய மானிட்டரிலும் அந்த அளவுக்குத்தான் எழுத்து.

இல்லாத திரை எங்கிருந்து வந்தது? லேப்டாப் சிப்பை மேசைக் கணினிப் போர்டில் பொருத்தியவர்கள், லேப்டாப்பின் மடிப்புத் திரை இருப்பதாகச் சொல்லும் தகவலை பயாஸில் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்டெலே தயாரித்த டி510எம்ஓ, டி525எம்டபிள்யூ போர்டுகளிலும் இந்தக் குறை உண்டு. ஆப்பிளின் பழைய மேக் மினியிலும் உண்டு. இவற்றின் பெயர்களை எல்லாம் ஒரு பட்டியலாகக் கர்னலின் டிரைவருக்குள்ளேயே எழுதிவைத்து, 'இங்கே மடிப்புத் திரை கிடையாது' என்று சரிசெய்திருக்கிறார்கள். உங்கள் போர்டு அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் நீங்களே சொல்ல வேண்டும். இன்டெல் 945 போன்ற சிப் உள்ள கணினிகளில் டிவி இணைப்பு ஒன்று மாட்டியிருப்பதாகத் தவறாகக் காட்டுவதும் இதே வகைதான்.

வைத்தியம் எளிது. மேலே சொன்ன 'ஹெட்' கட்டளையை மறுபடி போடுங்கள். நீங்கள் மாட்டாத இணைப்பு எதற்காவது 'மாட்டியிருக்கிறது' என்று பதில் வருகிறதா பாருங்கள். மடிப்புத் திரையின் பெயர் 'எல்விடிஎஸ்-1' என்றும், டிவி இணைப்பின் பெயர் 'எஸ்வீடியோ-1' என்றும் இருக்கும் (எழுத்துகள் எல்லாம் பேரெழுத்து). கிரப்பில் 'இ' அழுத்தி, 'வீடியோ=எல்விடிஎஸ்-1:டி' என்று சேர்த்தால் அந்த இணைப்பு அணைந்துவிடும். கடைசி 'டி' ஒற்றை எழுத்து, சிற்றெழுத்து. நிஜமான லேப்டாப்பில் இதைச் செய்யாதீர்கள், உங்கள் சொந்தத் திரையே அணைந்துவிடும். லேப்டாப் மூடி உடைந்து, வெளி மானிட்டரில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

சிக்னல் சரி, முழுத் திரையிலும் எழுத்து தெரிகிறது, ஆனால் படம் ஓரத்தில் நகர்ந்திருக்கிறது, முதல் எழுத்து வெட்டுப்படுகிறது என்றால்? அது கணினியின் வேலை அல்ல. மானிட்டரில் 'ஆட்டோ' என்ற பொத்தானை, திரை நிறைய எழுத்து இருக்கும் நேரத்தில் அழுத்துங்கள். வெறும் கறுப்புத் திரையில் அழுத்தினால் மானிட்டருக்கு ஓரம் எது என்று தெரியாது.

அளவு எல்லாம் சரி, எழுத்துதான் பொடியாக இருக்கிறது, கண் வலிக்கிறது. ரெசல்யூஷனைக் குறைக்கலாமா? வேண்டாம். எல்சிடியில் இயல்பு அளவை விட்டு இறங்கினால் எழுத்து மங்கும். எழுத்துருவைப் பெரிதாக்குங்கள். டெபியன், உபுண்டுவில் ரூட் உரிமையோடு (கணினியில் எதையும் மாற்றக்கூடிய நிர்வாகி உரிமை) 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கன்சோல்-செட்அப்' என்று தட்டினால், கேள்வி கேட்டுக்கொண்டே போகும். எழுத்துருவில் 'டெர்மினஸ்' என்பதையும், அளவில் 12×24 என்பதையும் எடுங்கள். 1280×1024 திரையில் அப்போது வரிக்கு 106 எழுத்து, 42 வரி. வயதானவர் பயன்படுத்தும் கணினி என்றால் 16×32 வரை போகலாம்.

இந்த எழுத்துரு மாற்றம் துவக்கத்தின் கடைசியில் நடக்கும். அதனால் திரை இருளாமல் எழுத்து மட்டும் இரண்டாம் முறை துள்ளினால், அது இதன் வேலைதான்.

வரிகள் அதிகம் தெரிவதில் அப்படி என்ன லாபம் என்று தோன்றலாம். முன்பெல்லாம் ஷிஃப்ட்டோடு பேஜ்அப் விசையை அழுத்தினால், மேலே ஓடிப்போன வரிகளைத் திரும்பப் பார்க்கலாம். 2020-ல் வந்த லினக்ஸ் 5.9 முதல் கன்சோலில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இப்போது ஓடிப்போன வரி போனதுதான். துவக்கத்தில் என்ன பிழை வந்தது என்று பார்க்க நினைப்பவருக்கு 25 வரிக்கும் 64 வரிக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. நீளமாக எதையாவது படிக்க வேண்டுமானால், கட்டளைக்குப் பின் ஒரு செங்குத்துக் கோடு போட்டு 'லெஸ்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமாக நிறுத்திக் காட்டும்.

இப்போது, டிரைவரே இல்லாத பழைய சிப்புகளுக்கான வழி. கிரப் பட்டியலில் ஆங்கில 'சி' எழுத்தை அழுத்தி, 'வீடியோஇன்ஃபோ' என்று சேர்த்துத் தட்டுங்கள். உங்கள் கார்டு பயாஸ் வழியே எந்தெந்த அளவுகளைத் தரும் என்று பட்டியல் வரும். அதில் இல்லாததைக் கேட்டு ஒரு பயனும் இல்லை. குட்டி லேப்டாப்புகளின் 1024×600, அகலத் திரைகளின் 1366×768 போன்றவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது. இருப்பதில் நெருக்கமானதை எடுக்க வேண்டியதுதான்.

பட்டியலே குட்டையாக இருக்கிறதா? பயாஸ் அமைப்புக்குள் போய், திரைக்கு ஒதுக்கும் மெமரி எவ்வளவு என்று பாருங்கள். 1280×1024 அளவில் முழு வண்ணத்துக்கு 5 எம்பி வேண்டும், 1024×768-க்கு 3 எம்பி. சில பழைய போர்டுகளில் அது 1 எம்பி என்று வைக்கப்பட்டிருக்கும். 8 எம்பிக்கு மாற்றினால் பட்டியல் நீளும். கணினியின் தேதி ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போகிறது என்றால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. அதை மாற்றாமல் பயாஸில் எதை வைத்தாலும் நிற்காது.

பழைய குறிப்புகளில் 'விஜிஏ=791' என்று பார்த்திருப்பீர்கள். 1024×768-ஐக் கேட்கும் பழைய வழி அது. இப்போதைய கிரப் அதைக் கைவிடச் சொல்லி எச்சரிக்கிறது. டிரைவர் வந்துவிட்டால் எப்படியும் அதைத் தாண்டிப் போய்விடும். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஒரு துவக்கத்தில் பரீட்சித்தது சரியாக வந்துவிட்டது. நிரந்தரமாக்குவது எப்படி? '/இடிசி/டிஃபால்ட்/கிரப்' என்ற கோப்பை (இ, டி, சி என்று முதல் அடைவு) ரூட் உரிமையோடு 'நானோ' திருத்தியில் திறங்கள். அதற்குமுன் ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 'சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட்' என்ற பேரெழுத்துச் சொற்கள் உள்ள வரியில், இரட்டை மேற்கோளுக்குள் 'க்வயட்' என்று ஏற்கெனவே இருக்கும். அதன்பின் ஓர் இடைவெளி விட்டு, பரீட்சித்த 'வீடியோ=' சொல்லை அப்படியே எழுதுங்கள். 'நோமோட்செட்' இருந்தால் இங்கேயே நீக்குங்கள்.

டிரைவர் இல்லாதவர்களுக்கு அதே கோப்பில் வேறு இரண்டு வரி. 'ஜிஎஃப்எக்ஸ்மோட்' என்று முடியும் வரியின் முன்னாலுள்ள '#' குறியை எடுத்துவிட்டு, வேண்டிய அளவை எழுதுங்கள். அதன்கீழ் புதிதாக 'கிரப்_ஜிஎஃப்எக்ஸ்பேலோட்_லினக்ஸ்=கீப்' என்று சேர்த்தால், கிரப் வைத்த அளவைக் கர்னல் அப்படியே வைத்துக்கொள்ளும். சமக்குறிக்கு முந்தியது பேரெழுத்து, பிந்திய 'கீப்' சிற்றெழுத்து.

கோப்பைச் சேமித்தால் மட்டும் போதாது. டெபியனிலும் உபுண்டுவிலும் 'அப்டேட்-கிரப்' என்று தட்டிய பிறகுதான் மாற்றம் கிரப்புக்குப் போய்ச் சேரும். எல்லாம் சரியாக எழுதியும் ஒன்றும் மாறவில்லை என்று தோன்றினால், முதலில் இந்தக் கட்டளையைப் போட்டோமா என்று பாருங்கள்.

கடைசியாக, நம்மவர்களுக்கே உரிய ஒரு சந்தேகம். "அளவெல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றனவே?" உங்கள் அமைப்பில் தவறு இல்லை. கன்சோல் எழுத்துரு ஒன்றில் 512 வடிவங்களுக்கு மேல் வைக்க முடியாது. தவிர, 'கொ' என்று எழுத மெய்க்கு இருபுறமும் கொம்பும் காலும் சேர்க்கும் திறன் கர்னலின் கன்சோலுக்குக் கிடையாது. ரெசல்யூஷனை எவ்வளவு கூட்டினாலும் இது மாறாது. கோப்புகள் பத்திரமாகவே இருக்கின்றன. வீட்டிலுள்ள வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (பிணையம் வழியே இன்னொரு கணினியின் கட்டளைத் திரைக்குள் நுழையும் வழி) மூலம் இதற்குள் வந்து பாருங்கள். அங்கே எழுத்தை வரைவது அந்தக் கணினியின் டெர்மினல் என்பதால், அதில் தமிழ் எழுத்துரு இருந்தால் பெயர்களைப் படித்துவிடலாம்.